பெயரை மறைக்கலாம், வினையை மறைக்கலாமோ?



இந்நாளில் பள்ளிகளில் கணினிப் பாடத்தோடு இணையத்தில் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையும் கற்பிக்கப்படுகிறது. அறிமுகமில்லாதவரிடம் பெயர், ஊர், பள்ளி இவற்றைக் கூறாதே. கடவுச்சொல்லை எவர்க்கும் அளியாதே என்று ஆசிரியர் அறிவுறுத்துகின்றனர். அதே குழந்தை இல்லத்தில் நம்மிடம் வாய்மை விரதத்தைக் கற்கிறது. "உண்மைப் பெயரைச் சொல்லாதிருத்தல் பொய் அன்றோ?" என அக்குழந்தை வினவுமாயின் நாம் கூறும் விடை யாது?

ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பொய்யின் இலக்கணத்தை வகுத்துள்ளார். கஷாய வயப்பட்ட மனத்தோடு தீமை பயக்கும் சொல்லை மொழிவதே பொய் என்பது அதன் கருத்து. கொல்லாமையே பயிர், வாய்மை முதலிய விரதங்கள் அப்பயிரைக் காக்கும் வேலி என விளக்குவார் உரையாசிரியர் பூஜ்யபாதர். ஆகவே தீயோரிடமிருந்து தன்னைக் காக்கும்பொருட்டுக் குழந்தை தன் பெயரை வெளியிடாது அடங்கியிருத்தல் பொய் அன்று. அது சொல்லடக்கம், வசன குப்தியின் சிறு பயிற்சி என்றே கொள்ளலாம்.

ஆயின், அதே மறைவில் நின்று பிறரை வருத்துவது முற்றிலும் வேறு. மாணவன் ஒருவன் உடன்பயிலும் மாணவியின் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்குத் தொடங்கி, அவள் கூறாதவற்றைக் கூறியதாக எழுதுகிறான் எனக் கொள்வோம். அவள் நாணிப் பள்ளிக்குச் செல்லவும் அஞ்சுவாள். அவன் கத்தி எடுக்கவில்லை; கையும் ஓங்கவில்லை. எனினும் ஓர் உயிர் துன்புற்றது. இதுவும் இம்சையே.

வாய்மை அணுவிரதத்திற்கு அந்நூல் காட்டும் குற்றங்கள் ஐந்து. தவறான வழியை உபதேசித்தல், பிறர் மறைவில் செய்தவற்றை வெளிப்படுத்தல், பொய் ஆவணம் எழுதுதல், நம்பி வைத்த பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த பிறர் எண்ணத்தைப் பொறாமையால் தூற்றுதல் என்பன அவை. இவற்றை இணையத்தோடு பொருத்திப் பாருங்கள். ஆராயாமல் வதந்தியைப் பரப்புதல் முதற்குற்றம். பிறரது அந்தரங்கப் படத்தை அனுப்புதல் இரண்டாவது. போலிக் கணக்கு மூன்றாவது. நண்பன் நம்பிக் கூறிய கடவுச்சொல்லைத் தன் நலத்திற்குப் பயன்படுத்துதல் நான்காவது. ஒருவரது மனக்கருத்தை ஊகித்துக் குழுவில் இழித்து எழுதுதல் ஐந்தாவது. நம் முன்னோர் வகுத்த பழைய பட்டியலே இன்றைய மாணாக்கர்க்கும் போதுமானதாய் உள்ளது!

இனி நாம் கூறப்போவது பெற்றோர்க்கு. பல சமூக வலைத்தளங்கள் 13 வயது நிறைந்தவர்க்கே கணக்கு அளிக்கும் விதி உடையவை. 2023ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிறையாதாரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. இவ்வாறிருக்க, பத்து வயதுச் சிறுவனின் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்து, கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் பெற்றோரும் உளர். அச்சிறுவன் இணையத்தில் காணும் முதல் எழுத்தே பொய். அதை எழுதிக்காட்டிய ஆசான் தந்தை! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை சேரும் என்பதை நாம் மறக்கலாமா?

பிறர்போல் நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவோர்க்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் சட்டம் குற்றவாளியைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். வினைக்கு அத்தேடல் வேண்டா. மனம், மொழி, மெய் இவற்றின் இயக்கத்தால் வினை உயிரில் ஊறுகிறது. விரல்நுனியால் ஒருமுறை தொடுதலும் மெய்யின் இயக்கமே. பத்துப் பெயர்களில் பத்துக் கணக்குகள் இருப்பினும், பயன் துய்க்கும் உயிர் ஒன்றே.

ஆதலின் விடுமுறை நாள்களில் நம் சிறார்க்கு அறநெறி வகுப்பு நடத்துங்கால் இவ்வைந்து குற்றங்களையும் இணைய எடுத்துக்காட்டுகளோடு விளக்குவோமாக. எதையும் அனுப்புமுன், "இதை என் பெயரிட்டு, அவர் முகத்தெதிரே கூறுவேனா?" எனத் தம்மைத் தாமே வினவப் பழக்குவோமாக. ஏமாற்றப்பட்ட குழந்தை அஞ்சாது நம்மிடம் வந்து உரைக்கும் அளவிற்கு நாம் சினம் தவிர்ப்போமாக. இணையக் குற்றங்களுக்கு, குறிப்பாகப் பணமோசடிக்கு, 1930 என்னும் உதவி எண் உள்ளதையும் அறிந்துவைப்போமாக.

கடவுச்சொல் கணக்கைக் காக்கும். விரதம் உயிரைக் காக்கும். இரண்டையும் நம் மக்கட்குக் கற்பிப்போம்.

வளர்க ஜினதர்மம்!