இசையுணர்வும் அருளுணர்வும்

இசைக்கு உருகாதாரைக் கல்நெஞ்சர் என இகழ்வது உலக வழக்கு. இசையுணர்வையும் அருளுணர்வையும் ஒன்றெனக் கொள்ளும் இக்கருத்து பொருந்துமா என்னும் வினாவை அண்மைக்கால மூளையியல் ஆய்வுகள் புதிதாக எழுப்பியுள்ளன.

செவிவழிப் புகும் ஒலி, மூளையின் செவிப்புலப் புறணியில் சுருதியாகவும் தாளமாகவும் பகுத்தறியப்படுகிறது. இன்பம் தோன்றும் இடம் வேறு. மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேட்போர் மெய்சிலிர்க்கும் கணத்தில் மூளையின் ஆழ்பகுதி ஒன்றில் டோபமின் என்னும் வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அக்கணத்தை எதிர்நோக்கியிருக்கும்போதே அதன் அருகமைந்த பிறிதொரு பகுதியில் அது வெளிப்பட்டுவிடுகிறது. உணவும் பணமும் தரும் இன்பத்திலும் பங்குகொள்ளும் பகுதிகளே இவை.

பார்சலோனாவில் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு இதனினும் கருதத்தக்கது. உடல்நலமுடைய சிலர், ஓர் இசை துயரம் உணர்த்துகிறதா மகிழ்ச்சி உணர்த்துகிறதா எனச் சரியாகவே இனங்காண்கின்றனர். ஆயினும் அதனால் இன்புறுவதில்லை. பணம் பெறும் விளையாட்டில் அவர்கள் பிறரைப் போலவே மகிழ்கின்றனர். இசை கேட்கையில் செவிப்புலப் புறணிக்கும் இன்பப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு இத்தகையோரிடம் தளர்ந்திருப்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இவ்வாய்வுகள் அருளை அளந்தவையல்ல. எனினும், இசையின்பம் இன்மை ஒன்றையே கொண்டு ஒருவரைக் கல்நெஞ்சர் எனத் துணிதல் கூடாது என்பதற்கு இவை போதுமான சான்றாகும்.

தமிழ் மரபில் இதற்கு மாறான கருத்து உண்டு. பாலைப் பண் கேட்ட ஆறலை கள்வர் படைக்கலம் கைவிட்டு, அருளின் மாறாகிய கொடுமையும் நீங்குவர் என்கிறது பொருநராற்றுப்படை. இது தம் யாழைப் புகழும் கலைஞர் மரபில் எழுந்த கூற்று என்பதை மறத்தலாகாது. வள்ளுவரோ கண்ணோட்டத்தைப் பேசுமிடத்துப் (573) பண்ணை உவமையாக்கினும், பண் பாடலோடு இயைதலையே கருதினார். கேட்போர் உருகுதலை அன்று.

நற்றிணை 304ஆம் பாடல் இவ்வினாவின் கடுமையான பக்கத்தைத் தொடுகிறது. பிரிவால் மெலிந்த தலைவி, தலைவன் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே உடையது என்பதற்கு அசுணம் கொல்வோரின் கையை உவமை கூறுகிறாள். பாட்டில் உள்ளது கை மட்டுமே. யாழும் பறையும் உரைவழி வருவன. யாழிசைத்து அசுணத்தை மறைவிடத்தினின்று வரவழைத்து, அது மயங்கி நிற்கையில் பறையறைந்து கொல்வர் என்பது விளக்கம். பறையொலி கேட்பின் அசுணம் உயிர்வாழாது என்னும் நம்பிக்கையை நான்மணிக்கடிகையும் குறிக்கிறது. இவ்விளக்கத்தின்படி, இசைக்கு மிக உருகும் உயிர் அவ்வுருக்கத்தாலேயே அகப்படுகிறது. கொல்வோனும் இசையறியாதவன் அல்லன். எந்த இசை எவ்வுயிரை ஈர்க்கும் என்பதை நன்கறிந்தவன். யாழை மீட்டிய கையே பறையையும் அறைகிறது.