பிணியும் அன்பின் முறைமையும்

மக்கள் மனம் ஒரு நாளிலே எத்தனையோ பொருள்களை நாடுகின்றது. சிலவற்றை விரும்புகின்றது, சிலவற்றை வெறுக்கின்றது, சிலவற்றின் பொருட்டு நித்திரையையும் இழக்கின்றது. இன்னது பெரிது, இன்னது சிறிது என அது தனக்குள்ளே வகுத்துக்கொண்ட முறைமையொன்று உண்டு. அம்முறைமை செவ்விதோ அன்றோ என்று இல்லத்தார் யாவரும் நலமாய் வாழுங் காலத்தில் நாம் ஆராய்வதில்லை. நம் அன்புக்குரியார் ஒருவர் கொடிய நோயுற்றுப் பாயிற் கிடக்கும்போது அது ஓரிரவிலே தலைகீழாகின்றது. நேற்றுப் பெரியனவாயிருந்த மானம், வழக்கு, பொருள் என்பனவெல்லாம் சிறியனவாகின்றன. நோயாளர் அருந்திய இரண்டு கரண்டி கஞ்சி பெரிதாகின்றது. இம்மாற்றம் அறிவினால் வந்ததோ, அச்சத்தினால் வந்ததோ என்பதும், அதன்கண் நன்மையாயுள்ளது நிலைபெறுதற்குச் செய்யற்பாலது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

யாம் அநுபவித்ததொன்றை முதற்கண் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையார் நெருப்புக்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆறு மாதமாக எமக்கும் அயல் வளவினருக்கும் வேலி பற்றிய பிணக்கு இருந்தது. வேலியடைப்பின்போது கதியால்கள் ஒரு சாண் எம் பக்கம் தள்ளி நடப்பட்டன என்பது எமது கட்சி. அவ்வாறன்று என்பது அவர் கட்சி. அந்த ஒரு சாண் நிலத்தைப் பற்றி யாம் சிந்தித்த நேரத்தைத் தேவாரம் ஓதுவதிலே செலவிட்டிருப்பின், பதிகங்கள் பல எமக்கு மனனமாயிருக்கும்.

இரண்டாம் வாரத்திலே காய்ச்சல் கடுமையுற்றது. தமக்கையார் எம்மையும் அறியாது பிதற்றினார். அன்றிரவு, எம் வீட்டில் அடுப்பு மூட்டப்படாமையை உணர்ந்த அயல் வளவு அம்மையார், எவரும் அழையாமலே கஞ்சிச் செம்புடன் படலையடியில் வந்து நின்றார். மறுநாள், அவர் தெருவாற் சுற்றி வருதல் வேண்டாமென்று, அவர் நாயகர் தாமே வேலியைப் பிரித்து ஒரு பொட்டு வைத்துவிட்டார். அது யார் நிலத்தில் வைக்கப்பட்டதென்று யாம் நோக்கிலேம்.

அக்காலத்திலே யாம் பாடசாலைக்குப் பலநாட் பிந்திச் சென்றோம். தலைமையாசிரியர் ஒரு நாளேனும் காரணம் வினவினாரல்லர். எம் முதற்பாடத்தைத் தாமே நடத்தி வைத்தார். தமக்கையாரின் நெற்றியில் ஈரச்சீலை இட்டுக்கொண்டிருந்த ஓரிரவு, முந்திய தவணையிலே நிகழ்ந்ததொன்று எம் நினைவுக்கு வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளையொருவன் மூன்று நாள் தொடர்ந்து பிந்தி வந்தான். கொடுத்த கணக்கையும் செய்து வந்தானல்லன். காரணம் கேட்டபோது நிலத்தைப் பார்த்து நின்றான். யாம் அவனை வாங்கின்மேல் நிறுத்தினோம். அவன் தாயார் நோயுற்றிருந்தார் என்பதும், பரியாரியார் வீட்டுக்குச் சென்று மருந்து வாங்கிக் கொடுத்த பின்னரே அவன் பாடசாலைக்கு வந்தான் என்பதும் பின்னர் அறிந்தோம். அறிந்தபோதும் ‘பாவம்’ என்று ஒரு சொற் சொல்லி அமைந்துவிட்டோம். தமக்கையாரின் பாயருகே இருந்த அவ்விரவிலேதான் அது எம்மைச் சுட்டது. எமக்குக் கிடைத்த பொறை அப்பிள்ளைக்கு எம்மிடத்திற் கிடைத்ததில்லை.

தமக்கையார் திருவருளினாலே பிழைத்தெழுந்தார். மூன்று மாதங் கழிந்தது. ஒரு நாட் காலை முற்றத்திலே நிற்கும்போது எம் கண்கள் தாமாகவே அக்கதியால்களை எண்ணின. ‘இப்பொட்டை அடைத்தல் வேண்டும், அடைக்கும்போது அந்த ஒரு சாணையும் மீட்டல் வேண்டும்’ என மனம் கூறிற்று. ஆதலால், நோய்ப்பாயின் அருகே யாம் பெற்றது அறிவென்று எண்ணியதில் பெரும் பங்கு அச்சமே என்று தெளிந்தோம். அச்சத்தினால் வந்த ஒழுங்கு அச்சம் நீங்கத் தானும் நீங்கும்.

இதிலே வேறொரு குற்றமும் உண்டு. பிணியுற்றார்மேற் செல்லும் நம் நெஞ்சு சிலவேளை உலகத்தையெல்லாம் ஒரு பாயளவாகச் சுருக்கிவிடுகின்றது. ஆசுபத்திரியிலே வைத்தியர் நம்மவரையே முதலிற் பார்த்தல் வேண்டுமென விரைகின்றோம். பக்கத்துக் கட்டிலில் முனகுவோர் குரல் நம் செவியிற் படுவதில்லை. ஆலயத்திலே நேர்த்தி வைக்கும்போதும், பத்தி செய்வதை மறந்து விலை பேசுகின்றோம். இஃது அன்பின் வேடம் பூண்ட பற்று. பற்று, ‘இவர் என்னுடையவர்’ என்பதை நோக்கும். அன்பு, ‘இவர் வருந்துகின்றார்’ என்பதை நோக்கும்.

அற்றேல், நோய் பிராரத்த வினையின் பயனன்றோ? அதனை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டுமாயின், உடனிருந்து வருந்துவதனாற் பயன் என்னையெனச் சிலர் வினாவுவர். அவர் வினையை அறிந்தார், கடனை அறிந்திலர். திருவள்ளுவநாயனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நோயாளரையும் மருத்துவரையும் மருந்தையும் எண்ணியதோடு அமையாது, அருகிருந்து தொண்டு செய்வாரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணினார். உரைசெய்த பரிமேலழகர் அத்தொண்டர்க்கு வேண்டுவனவற்றுள் நோயாளரிடத்து அன்புடைமையையும் வைத்தார். எனவே அருகிருப்பார் அன்பும் மருந்தாயிற்று. தன் நோய்க்கு வினையை நினைத்தல் பொறுமை; பிறர் நோய்க்கு வினையைச் சொல்லி வாளாவிருத்தல் வன்கண்மை.

இனி, பற்றும் அச்சமும் கலவாத அன்பு யாங்ஙனம் இருக்குமெனின், திருத்தொண்டர் புராணத்திலே திலகவதியம்மையார் சரித்திரத்திற் காண்க. தாய் தந்தையர் இறந்தனர். தமக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரிலே பட்டனர். உயிர் நீக்கத் துணிந்த அம்மையார், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கினர். அத்தம்பியார் தம்மை விட்டுச் சமணப் பள்ளியை அடைந்த பின்னும், திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டும் திருமெழுக்கிட்டும் தொண்டு செய்துகொண்டு, அவரை மீட்டருளும்படி இறைவரை வேண்டினர். சூலைநோய் வந்த பின்னர்த் தோன்றியதன்று அவ்வன்பு. தம்பியார் நோய் தாங்காது ஆளனுப்பி அழைத்தபோது, அம்மையார் பதைத்து ஓடினாரல்லர். சமணப் பள்ளிக்கு வரமாட்டேம் என்றனர். தம்பியார் தாமே இரவில் வந்து அடியில் வீழ்ந்தபோது, பழையதொன்றையும் சொல்லிக் கடிந்தாரல்லர். திருநீறு கொடுத்து ஏற்றனர். வைகறையிலே அலகும் மெழுக்குங் கொண்டு தாம் நாடோறும் போகும் திருக்கோயிலுக்கே அவரையும் உடன்கொண்டு சென்றனர்.

இவ்விறுதிச் செயலை ஆசிரியர்கள் உற்று நோக்குக. நோய் வந்தமையால் அம்மையாருடைய நாட்கடன் தவறிற்றில்லை. அந்நாட்கடனுக்குள்ளே நோயாளருக்கும் இடம் இருந்தது. பெரியது இன்னதென நலமாயுள்ள காலத்திலேயே வகுத்து, நாடோறும் அதன்வழி நின்றமையால், துன்பம் வந்தபோது முறைமை தலைகீழாக வேண்டியதில்லை. நமது நெஞ்சு புரளுதற்குக் காரணம் அது முன்னரே புரண்டு கிடந்தமையேயாம்.

அன்பு தம்மவரளவில் நில்லாமைக்குத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் சரித்திரம் சான்றாகும். திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது நாயனார் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச் செய்தனர். சுரம் அடியாரை மாத்திரமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று. தம்மவர் நோய் ஊரவர் நோயை நினைப்பித்தல் வேண்டும் என்பது இதனால் நாம் கொள்ளத்தக்க படிப்பினையாம்.

சைவ ஆசிரியர்களே! இச்சரித்திரங்களை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். தமக்கையார் பெயர் யாது, தம்பியார் பெயர் யாது என வினாவி, விடை சரியாயின் புள்ளி இடுகின்றோம். அவ்வளவில் நில்லாது, ‘உங்கள் வீட்டிலே நோயுற்றார் உளரோ?’ என்றும் ஒரு வினா வினாவுக. பிந்தி வந்த பிள்ளையை வகுப்பார் முன் கேளாது தனியே அழைத்துக் கேட்க. பலர் முன்னே தாயின் நோயைச் சொல்லப் பிள்ளைகள் நாணுவர். தாய் பாயிற் கிடக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கணக்கைச் சில நாள் விட்டுவிடுக. விட்ட பாடத்தை இடைவேளையிற் சொல்லிக் கொடுக்க. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே அத்தாயையும் நினைக்க. கூடுமாயின் ஒரு மாலை அவ்வீட்டின் படலையடி மட்டுமாயினும் செல்லுக. இவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை. நம் வீட்டில் நோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

எம் வேலியிற் பொட்டை அடைக்க நினைத்த அக்காலையிலே, அதன் வழியாக அயல் வளவு அம்மையார் வந்து தமக்கையாரின் சுகம் விசாரித்தார். யாம் வெட்கமுற்றோம். பின்னர் இரண்டு முறை வேலியடைப்பு நடந்தது; அப்பொட்டை அடைத்திலேம். சினம் அற்றொழிந்தது என யாம் சொல்லத் துணியோம். அது தலைதூக்கும் நாட்களிலே அப்பொட்டைப் பார்த்து, வாங்கின்மேல் நின்ற பிள்ளையையும் நினைக்கின்றோம்.

நோயிலே கற்றதை நலத்திலும் மறவாதிருக்கும் நெஞ்சை எல்லாம்வல்ல சிவபெருமான் நமக்கு அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்.