செய்யாத வினையின் பயன்

பழைய மின்சாரக் கிதார்களுக்குப் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் மெருகு மிக மெல்லியது. குளிரிலும் வெப்பத்திலும் மரம் ஓரளவாகவும் மெருகு வேறோரளவாகவும் சுருங்கி விரிவதால் அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடுவதும், வாசிப்பவனின் முன்கை படியும் இடத்தில் அது தேய்ந்து மரம் தெரிவதும், வியர்வை பட்ட திருகாணிகள் துருவேறுவதும், பல வருஷ உழைப்புக்குக் காலம் எழுதிக் கொடுத்த அத்தாட்சியாகவே மதிக்கப்பட்டு வந்தன. 1995-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் அந்த அத்தாட்சியைப் பட்டறையிலேயே தயாரித்து, 'ரெலிக்' என்ற பெயரில் புதுக் கிதார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போலி என்று வைதவர்களுக்கும் குறைவில்லை. காசைக் கொட்டி வாங்கியவர்களுக்கும் குறைவில்லை.

கர்மத்தைப் பற்றிய நம் தத்துவ வாதங்களில் 'அகிருதாப்யாகமம்' என்றொரு தோஷம் பேசப்படும். செய்யாத வினையின் பயன் ஒருவனை வந்தடைவதே அது. நிலையான ஆத்மா இல்லை, எல்லாம் க்ஷணந்தோறும் மாறுவது என்றால், விதைத்தவன் ஒருவனும் அறுப்பவன் மற்றொருவனுமாகி நீதியே குலைந்துபோகும் என்று பௌத்தர்மீது மற்றக் கட்சியார் தொடுத்த ஆட்சேபம் அது. வாசிக்காமலே வந்த தேய்மானத்துக்கு இதைவிடப் பொருத்தமான குற்றப்பத்திரிகை வேறில்லை என்றுதான் முதலில் தோன்றுகிறது.

கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கிதாரை எடுத்துக்கொள்வோம். 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போன இந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதாருக்கு, 2006-இல் ஃபெண்டர் நிறுவனமே 275 நகல்கள் செய்தது. தலைப்பகுதியில், எரியும் சிகரெட்டைச் செருகி வைத்ததால் விழுந்த கருகலையும்கூட விட்டுவைக்காமல் அவற்றில் பதித்தார்கள்.

ஆனால் அந்த மூலமே எப்படி உண்டாயிற்று? 1970-இல் கிளாப்டன் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் ஆறு பழைய கிதார்களை வாங்கி, ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகிய இசைக்கலைஞ நண்பர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து உருவாக்கியதே பிளாக்கி. ரதத்தின் எந்த உறுப்பு ரதம் என்று மிலிந்த மன்னனைக் கேட்ட பௌத்தத் துறவி நாகசேனர் இதைக் கண்டிருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார். ஐம்பதுகளில் செய்த அப்பாகங்களை அதுவரை தேய்த்த கைகள் யாருடையவையோ. அப்பெயரறியாதவர்களின் வினைப்பயனையும் சேர்த்தே கிளாப்டன் அனுபவித்தார்.

ஆகவே தேய்மானம் முழுவதையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பது என் கட்சி. விரற்பலகையின் விளிம்பு உருண்டு வழவழப்பாயிருப்பது ஒரு குணம். உப்புத்தாள் பிடித்த தொழிலாளியின் வினைக்கு நேரான பயன் அது. கைக்கு அது தரும் சுகத்தில் பொய் ஏதுமில்லை. சிகரெட்டுக் கருகலோ கைக்கு எவ்வித உபயோகமும் இல்லாதது, வெறும் சாட்சி; இன்ன மனிதன் இன்ன மேடையில் நின்றான் என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு தொழிலில்லை. குணத்தைச் செய்து கொடுக்கலாம். சாட்சியைச் செய்து கொடுத்தால் அதற்கு நியாயஸ்தலத்தில் வேறு பெயர்.

வாங்கியவர்கள் நகலென்று அறிந்தே வாங்கினார்கள், ஏமாந்தவர் யார் என்று கேட்கலாம். விக்கிரகத்தை வணங்குகிறவன் கல்லென்று அறியாமலா வணங்குகிறான் என்ற சமாதானமும் இதற்கு உண்டு. எனக்கு அது பாதிதான் சம்மதம், ஏனென்றால் விக்கிரகம் தன் வயதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எப்படியானாலும், வாங்கியவன் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டால், அவனுடைய வியர்வையும் அதே மெருகைத் தின்னத்தான் போகிறது. இருபது வருஷம் கழித்து எந்தத் தழும்பு பட்டறையினுடையது, எது அவனுடையது என்று பிரிப்பதற்கு, வாங்கிய அன்று எடுத்த புகைப்படம் ஒன்றே பிரமாணமாக இருக்கும்.