பதினைந்து அணாவும் பிள்ளையும்

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் இல்லறத்தாருக்குச் சொன்ன கதைகளில் அவல் இடிக்கும் பெண்ணின் கதை பலருக்கும் தெரிந்தது. காலால் மிதித்து இயக்கும் உலக்கை ஏறி இறங்குகிறது. அவள் ஒரு கையால் குழியிலுள்ள நெல்லைத் தள்ளிக் கொடுக்கிறாள். மறுகையில் பிள்ளை பால் குடிக்கிறது. வாங்க வந்தவரோடு பேரமும் நடக்கிறது. ஆனாலும் பதினாறு அணா மனத்தில் பதினைந்து அணா உலக்கையின் மேல்தான். தவறினால் கை நசுங்கிவிடும். உலக வேலைகளுக்கு நடுவே இறைவனிடம் மனத்தை அப்படி வைத்திருக்க வேண்டும் என்பது பாடம். மகேந்திரநாத் குப்தர் எழுதி வைத்த இந்த உரையாடல்களைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள்.

கேட்டவர்கள் உலக்கையைப் பார்த்தார்கள். மிச்சமிருந்த ஓர் அணாவை வியாபாரியும் பிள்ளையும் பங்குபோட்டுக்கொண்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2020 மார்ச் 12ஆம் திகதி நோர்வேப் பிரதமர் ஆர்னா சூல்பர்க் கொரோனாத் தொற்றால் பாடசாலைகளையும் பார்னஹாகே எனப்படும் பாலர் பள்ளிகளையும் மூடுவதாக அறிவித்தபோது, அவல் இடித்த அந்தப் பெண் திராமனுக்கு வந்து சேர்ந்தாள். ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில், ஆற்றின் இரு கரையிலும் கிடக்கும் நகரம் அது. குடிவரவாளர் விகிதம் நாட்டிலேயே அதிகமாக உள்ள ஊர்களில் ஒன்று. ரயிலேறி ஒஸ்லோவுக்கு வேலைக்குப் போனவர்களின் அலுவலகம் ஒரே இரவில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. சின்னப் பிள்ளைகள் ஏப்ரல் 20இல் பார்னஹாகேக்குத் திரும்பினார்கள். முதல் நான்கு வகுப்புகள் 27இல் திறந்தன. வீட்டிலிருந்து செய்யும் வேலை மட்டும் அதன்பிறகும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

வேலையும் பிள்ளையும் ஒரே வீட்டில் என்ற இந்தச் சிக்கல் எல்லாத் தாய்மாருக்கும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோர்வேக்கு வந்த முதல் தலைமுறை ஈழத் தமிழ்ப் பெண்களில் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளிலும், பிறகு தெற்கே துப்புரவுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்தவர்கள். மீன் வெட்டும் மேசையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அவர்கள் பிள்ளையை விட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்கள். பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது. கணக்காளராகவும் கணினிப் பொறியாளராகவும் ஆன மகள்மாருக்குத்தான் போகாமலே பிரியும் நிலை வந்தது. பிள்ளை கதவுக்கு இந்தப் பக்கம், தாயும் இந்தப் பக்கம், பதினைந்து அணா திரையில்.

இதை நேர நிர்வாகம் என்று சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அட்டவணை போடு, காதில் ஹெட்போன் மாட்டு, பிள்ளைக்கு ஒரு மூலையைக் கொடு என்பார்கள். கேள்வி அங்கே இல்லை. கவனம் யாருக்குக் கடன்பட்டது? பக்கத்தில் இருப்பது மட்டுமே உடனிருப்பது ஆகிவிடுமா?

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் கதை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். அவளுடைய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவன் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வரும்வரை கூட இருக்கிறார். கைலாயத்தில் இருந்தபடியே அருளை அனுப்பியிருக்கலாம். கதை அதை ஏற்கவில்லை. தாய்மைக்கு உடம்பு வேண்டும், அந்த நேரத்தில் வேறு வேலையும் இருக்கக்கூடாது. இன்றும் சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் பக்தர்களுக்கு இந்த நுணுக்கம் தெரியும். 2020இல் எல்லைகள் மூடி, அம்மம்மாமார் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நின்றுபோனபோது, புலம்பெயர்ந்த வீடுகளுக்கும் தெரிந்தது.

நோர்வேயின் சமய மரபு இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. 1537 முதல் லூத்தரன் நாடு அது. மார்ட்டின் லூத்தர் 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய நூலில், குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு அலசும் தகப்பனை ஊர் கேலிசெய்தாலும் கடவுள் தேவதூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்கிறார் என்கிறார். துறவு மடத்துக்கு நிகராகத் தொட்டிலடி வேலையை உயர்த்திய பேச்சு. (எழுதும்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, அது 1525இல்தான். பரமஹம்சருக்கும் பிள்ளைகள் இல்லை.) இந்த மதிப்பீட்டின் நிழல் அரசியலிலும் விழுந்தது. தானே குருவாக அபிஷேகம் பெற்றவரான பிரதமர் ஷெல் மங்னெ பூன்தேவிக்கின் காலத்தில், 1998இல், பார்னஹாகேக்குப் போகாத சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. வீட்டுப் பராமரிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றார்கள் ஆதரவாளர்கள். குடிவந்த பெண்களை வேலைக்குப் போகாமல் தடுக்கும் வேலி என்றார்கள் எதிர்த்தவர்கள்.

இரண்டு வாதமும் ஒன்றை எடுத்துக்கொண்டன: தாய் வீட்டில் இருப்பாள், அல்லது வேலையில் இருப்பாள். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருப்பவளை இருவருமே எதிர்பார்க்கவில்லை. சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான 2002ஆம் ஆண்டு விதிமுறை 2022 ஜூலை முதலாம் திகதி திருத்தப்பட்டு, பொதுவான வேலைநேர விதிகள் வீட்டுக்கும் வந்தன. வேலையளிப்பவரும் தொழிலாளியும் பொதுவாக எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்த இரண்டு பேருக்கு நடுவில் வந்து நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல.

அமெரிக்க மெய்யியலாளர் சாரா ரடிக் 1989இல் வெளியிட்ட 'தாய்மைச் சிந்தனை' என்ற நூலில், பிள்ளையைக் காப்பதும் வளர்ப்பதும் சமூகத்துக்கு ஏற்றவராக்குவதும் வெறும் பாசத்தால் நடப்பவை அல்ல, ஓயாத சிந்தனையால் நடப்பவை என்று வாதிட்டார். யார் செய்தாலும் அந்தச் சிந்தனை கைவரும், ஆணுக்கும் கூட என்பது அவர் கருத்து. அப்படிப் பார்த்தால் அவல் இடித்த பெண் ஒரு வேலையும் ஒரு உணர்ச்சியும் வைத்திருந்தவள் அல்ல; சிந்தனை கேட்கும் இரண்டு தொழில்களை ஒரே நேரத்தில் செய்தவள். பரமஹம்சர் அவளுடைய திறமையைக் கண்டுகொண்டார், பக்திக்கு உவமையாக்கினார். அவள் களைப்பு உவமைக்கு வெளியே நின்றுவிட்டது.

கதையில் தகப்பன் எங்கே என்பதும் கேட்கத்தக்கதே. நோர்வே 1993இல் தகப்பனுக்கென்றே நான்கு வாரப் பெற்றோர் விடுப்பை ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது பொதுவாக இழக்கப்படும். அதற்கு முன் அரிதாகவே விடுப்பு எடுத்த ஆண்கள், சில ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையாக எடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டாலும் அப்படித்தான்: ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆண்டுக்குத் தலா பத்து நாள் வீட்டில் நிற்கும் உரிமை உண்டு. பார்னஹாகேயிலிருந்து காய்ச்சல் என்று அழைப்பு வருகிறது. மடிக்கணினி வீட்டில் இருப்பதால் அவள் விடுப்புக் கேட்பதில்லை. ஒரு கையில் வெப்பமானி, மறுகையில் சுட்டி, பத்து மணிக்குக் கூட்டம். அந்த நாள் அவள் கணக்கிலும் எழுதப்படவில்லை, அவர் கணக்கிலும் எழுதப்படவில்லை.