ஒரு மருத்துவக் கல்லூரியை எதைக் கொண்டு அளப்பது?

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதி இருக்கிறது. சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலை என்ற மருத்துவமனையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்த செய்தியை அங்குள்ள 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மருத்துவம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போன காலம் அது. இன்று யார் மருத்துவராகலாம் என்பதைச் சட்டமும் தேர்வும் கல்லூரியும் முடிவு செய்கின்றன. அதனால்தான் இந்தக் கேள்வி எழுகிறது: ஒரு மருத்துவக் கல்லூரி நல்ல கல்லூரியா என்று மதிப்பிடும்போது, அங்கே யார் படிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

தேசியத் தரவரிசைக் கட்டமைப்பான என்.ஐ.ஆர்.எஃப். இதைக் கணக்கில் சேர்க்கத்தான் செய்கிறது. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் தலா 30, தேர்ச்சி விளைவுகளுக்கு 20, பொதுமதிப்புக்கு 10 என்று பிரித்துவிட்டு, அனைவரையும் உள்ளடக்குதலுக்கு 10 மதிப்பெண் தருகிறது. அந்தப் பத்துக்குள் பெண்கள், பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி ஆகியவற்றோடு வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கையும் வருகிறது. திருச்சிக் கல்லூரி ஒன்றுக்கு வெளிமாநில மாணவர் வந்தால் அது பன்மை. துறையூருக்கு அப்பால் பச்சைமலையிலிருந்து ஒரு பழங்குடி மாணவி இறங்கி வந்தால், வட்டாரப் பன்மைக் கணக்கில் அவருக்கு இடமில்லை. அவர் கடந்து வந்த தூரத்தை அளக்க அங்கே கோல் இல்லை.

தமிழ்நாடு வேறொரு கோலை எடுத்தது. நீட் கட்டாயமான பிறகு, அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. நீதிபதி கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. 2020இல் வந்த சட்டம் 7.5 விழுக்காடு தந்தது. முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

இதற்கு எதிரான வாதங்களைத் தள்ளிவிட முடியாது. முதலாவது, உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் மதிப்பெண்ணைத் தளர்த்தலாமா என்பது. நுழைவில்தான் தளர்வு இருக்கிறது, முடிவில் இல்லை. ஒதுக்கீட்டில் வந்தவரும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும். பிறகு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வைக்கும் அதே தேர்வை, அதே விடுதியிலிருந்து வரும் மற்றவர்களோடு சேர்ந்து எழுத வேண்டும். நுழைவு மதிப்பெண் நேற்றுவரை கிடைத்த வாய்ப்பின் கணக்கு. நோயாளியைக் காப்பது ஐந்தரை ஆண்டு கழித்து இருக்கும் திறமை.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த ஆட்டோ ஓட்டுநர், ஏழையாக இருந்தும் இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறார். திருச்சியின் நூற்றாண்டு கண்ட பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே படித்த பிள்ளைகளுக்கும் இதில் இடமில்லை. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அடுத்த பக்கம் ஒரு பிள்ளை நிற்கும். அந்தக் குறை உண்மையானது. ஆனால் அரசு தானே நடத்தும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அரசு பட்டிருக்கும் கடன் முதல் கடன். பிற கடன்கள் மிச்சம் இருக்கின்றன என்பதற்காக முதல் கடனைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியாது.

பன்மையால் பலன் பெறுபவர் மாணவர் மட்டுமல்லர். திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பயிலும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு லால்குடி, முசிறி, மணப்பாறைப் பக்கத்து மக்கள் வருகிறார்கள். வியர்த்து, வாந்தியெடுத்து, கண்மணி சுருங்கி ஒரு கூலித் தொழிலாளி வந்து படுக்கிறார். நேற்று வயலில் பூச்சிமருந்து தெளித்தீர்களா, முகத்தில் துணி கட்டியிருந்தீர்களா, கை கழுவிவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்க எல்லோருக்கும் சொல்லித்தர முடியும். வீட்டில் அதைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் சக மாணவருக்கும் அவரே சொல்லிக்கொடுப்பார். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஓக்லாந்தில் கறுப்பின மருத்துவரைச் சந்தித்த கறுப்பின ஆண்கள், ரத்தம் எடுக்கும் நோய்த்தடுப்புச் சோதனைகளுக்குக் கூடுதலாகச் சம்மதித்தது தெரிந்தது. நம்பிக்கையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

திருச்சிக்குப் பக்கத்திலேயே இப்படிக் கதவைத் திறந்துவிட்டதற்கு முன்னோடி உண்டு. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் அதை மீறி அனுமதித்தார். அந்தப் பெண், முத்துலட்சுமி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் எழுந்தது. அன்று கதவு சாத்தப்பட்டிருந்தால் இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்திருக்காது.

ஆனால் கதவைத் திறப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் உயிரியல் படித்தவர் கையில் முதல் வாரமே ஆங்கில உடற்கூறியல் நூல் வருகிறது. 2019 பாடத்திட்டம் முதலாண்டின் தொடக்கத்தில் அறிமுக வகுப்புகளையும் மொழிப் பயிற்சியையும் வைத்தது. சில வார வகுப்பு பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை நிரப்பாது. சேர்த்துக்கொண்டு கைவிடுவது, சேர்க்காமல் விடுவதைவிடக் கொடியது. பள்ளியின் குறை அப்போது மாணவரின் குறையாகப் பதிவாகிறது; தோல்வியின் பழியையும் அவரே சுமக்கிறார்.

ஆகவே ஒரு மருத்துவக் கல்லூரியின் மதிப்பை, எத்தனை வகைப் பிள்ளைகளைச் சேர்த்தது என்பதோடு எத்தனை பேரைப் பட்டத்தோடு அனுப்பியது என்பதையும் வைத்தே சொல்ல வேண்டும். 7.5 விழுக்காட்டில் வந்தவர்களில் முதலாண்டை முதல் முயற்சியில் தாண்டியவர் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்று ஒவ்வொரு கல்லூரியும், பெயர் குறிப்பிடாமல், ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவப் படிப்புகளுக்கும் இதே கணக்கு தேவை. சேர்க்கைப் பட்டியலைப் பெருமையோடு அறிவிக்கும் அரசு, தேர்ச்சிப் பட்டியலையும் அதே பெருமையோடு வெளியிடும் நாளில்தான் இந்தச் சட்டம் தன் வேலையைச் செய்து முடித்ததாகச் சொல்ல முடியும்.