கிட்டிப்புள்ளும் ஆண்டவருடைய நாளும்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, அரசும் திருச்சபையும் மக்களும் மோதிக்கொண்ட பெரும் இறையியல் வழக்காக இருந்தது. 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்டு, 1633இல் அவருடைய மகன் முதலாம் சார்லஸ் மீண்டும் வெளியிட்ட ‘விளையாட்டு நூல்’ எனப்படும் அரசாணை, ஆராதனை முடிந்தபின் நடனம், வில்வித்தை முதலியவற்றில் மக்கள் ஈடுபடலாம் என்றது. திருச்சபையைப் பழைய சடங்குகளிலிருந்து தூய்மைப்படுத்த முயன்ற பியூரிட்டன்களோ, ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை யூதரின் சனிக்கிழமையோடு முடிந்துவிடாமல், கிறிஸ்து உயிர்த்தெழுந்த ஞாயிறாகிய ‘ஆண்டவருடைய நாளையும்’ கட்டுப்படுத்துகிறது என்று கருதியதால் அந்த ஆணையை வெறுத்தனர். 1643இல் நாடாளுமன்றம் அதை எரிக்கவே உத்தரவிட்டது.

ஆணையாலும் தடையாலும் தீராத இந்தச் சிக்கல் ஒரு மனிதரின் மனத்துக்குள் எப்படி நடந்தது என்பதை ஜான் பன்யன் 1666இல் வெளியிட்ட தன்வரலாறு காட்டுகிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்துக்கு மூலமான நூலைத் தந்தவர் இவரே. பாத்திரங்களின் ஓட்டை அடைக்கும் தொழிலாளியான அவர், எல்ஸ்டோ கிராமத்தில் ஓய்வுநாளை மீறுவதைக் கண்டித்த பிரசங்கத்தைக் கேட்டுக் கலங்கி வீடு திரும்பினார். வயிறார உண்டதும் கலக்கம் தெளிந்துவிட, அன்றே விளையாடப் போனார். ஆட்டம் நம் கிட்டிப்புள்ளை ஒத்தது. குழியிலிருந்து ஒருமுறை அடித்துவிட்டு இரண்டாவது அடிக்குக் கோலை ஓங்கும் தறுவாயில், பாவத்தை விட்டு மோட்சம் சேர விருப்பமா, பாவத்தோடு நரகம் புக விருப்பமா என்னும் கேள்வி வானிலிருந்து தம் உள்ளத்தில் பாய்ந்ததாக அவர் எழுதுகிறார். புள்ளைத் தரையிலேயே விட்டு மேலே நோக்கியவர், மன்னிப்புக்குக் காலம் கடந்துவிட்டது, இனி எப்படியும் அழிவுதான் என்று முடிவுகட்டி, மறுபடியும் ஆட்டத்தையே தொடர்ந்தார். அச்சம் மட்டும் ஒருவரை ஓய்வுநாளுக்குள் கொண்டு சேர்ப்பதில்லை என்பதற்கு இதுவே போதிய சாட்சியம்.

பின்னர் அவர் தம் நடத்தையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கி, தமக்கு உயிராயிருந்த ஆலயமணி அடிப்பதையும் விட்டார். ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போய், மணி தலையில் விழுமோ என்று உத்தரத்தின் கீழும், அதன்பின் கோபுர வாசலிலும் நின்று, கடைசியில் கோபுரமே இடிந்துவிடுமோ என அஞ்சி ஓடினார். நடனத்தை விட அவருக்கு முழுதாக ஓராண்டு பிடித்தது. ஊரார் அவருடைய மாற்றத்தை மெச்ச, அந்த மெச்சுதலே அவருக்குப் புதிய இன்பமாயிற்று. பிற்காலத்தில் அன்றைய தம்மை வேடதாரி என்றே அவர் கடிந்துகொள்கிறார். அந்தத் தீர்ப்பு கடுமையானதாயினும் நியாயமானது. ஏனெனில் விட்ட விளையாட்டின் இடத்தில் தற்பெருமை குடியேறியதேயன்றி இறைவன் குடியேறவில்லை.

பியூரிட்டன்கள் ஆதாரமாகக் காட்டிய வேதாகமத்தின் ஏசாயா 58ஆம் அதிகாரம், ஓய்வுநாளில் சொந்த விருப்பத்தை விலக்கச் சொல்வதோடு நில்லாமல், அந்நாளையே மகிழ்ச்சியாகக் கொள்ளவும் சொல்கிறது. முதற்பாதியை மட்டும் கைக்கொண்டவருக்கு ஞாயிறு பறிகொடுத்த பொழுதாகவே தோன்றும். பன்யனுக்கு இரண்டாம் பாதி விளங்கத் தொடங்கியது பெட்ஃபர்டு நகரில், வாசலில் வெயிலில் அமர்ந்து, தங்கள் உள்ளத்தில் இறைவன் செய்ததைப் பற்றி மகிழ்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் பேச்சைக் கேட்டபோதுதான். அன்று அவர் அங்கே போயிருந்தது தம் தொழிலுக்காக.