கூடம்

அபிராமபுரத்தில் நாங்கள் இருந்த பழைய வீட்டில் நடுவே கூடம், பக்கத்துக்கு இரண்டு அறை. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. விடியற்காலையில் கண்ணை மூடி உட்காரும்போது மட்டும் அந்தக் கூடத்தின் சிவப்புச் சிமெண்ட் தரை பாதத்தில் குளிர்கிறது.

*

இன்று அதோடு இன்னொரு வீடும் நினைவில் வந்தது. வங்கத்தில், ஹூக்ளிக் கரையில் உள்ள செராம்பூர். 1800 ஜனவரியில் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு முதலிய பாப்டிஸ்ட் மிஷன் ஊழியர்கள் அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். முன்னால் தாழ்வாரம், நடுவே கூடம், பக்கத்துக்கு இரண்டு அறை. மதில் சூழ்ந்த மனை, தோட்டம், நடுவில் ஒரு குளம். தனியே நின்ற பண்டகசாலையில் அச்சகம் வைத்தார்கள். கூடத்தில் ஆராதனை நடந்தது.

போதகர் குடியிருப்பும் ஆலயமும் ஒரே கூரைக்குக் கீழே. கூடி வந்திருக்கும் மனிதர்களே ஆலயம் என்று நம்பியவர்களுக்கு அது போதும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘சபை’ என்ற சொல்லிலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் அதற்குள் வருவதில்லை.

*

செராம்பூர் வீட்டில் ஊழியர்களின் குடும்பங்கள் ஒரே பந்தியில் சாப்பிட்டன. வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர் முறை. வாரத்தில் எழுந்த மனத்தாங்கல்களைச் சனிக்கிழமை மாலை கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. மறுநாள் ஆராதனை.

இந்த வரிசையிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். மனத்தாங்கல் ஆறாத கூடத்தில் ஜெபம் எங்கே உட்காரும்?

*

கிருஷ்ண பால் என்ற தச்சர், தோள் மூட்டு விலகியதால் ஊழியர்களில் ஒருவரான டாக்டர் தாமஸிடம் வைத்தியத்துக்கு வந்தவர். 1800 டிசம்பர் 22 அன்று அந்த வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்தில் அப்படிச் சாப்பிட்டாலே சாதி போயிற்று. ஆறு நாள் கழித்து, 28ஆம் தேதி, ஞானஸ்நானம் பெற ஆற்றில் இறங்கினார். கேரியின் மகன் பீலிக்ஸும் அன்று உடன் இறங்கினார்.

பாப்டிஸ்ட் ஆலயங்களில் முழுக்கு ஞானஸ்நானத்துக்கென்று பிரசங்க பீடத்துக்கு அருகிலோ தரைக்கு அடியிலோ தொட்டி கட்டுவது வழக்கம். பலகையால் மூடிவைத்து, வேண்டும்போது திறப்பார்கள். செராம்பூரில் அந்தத் தொட்டியின் வேலையை ஆறே செய்தது.

முதலில் பந்தி, பிறகுதான் தண்ணீர். அப்படியானால் அந்த ஆலயத்துக்கு வாசல், போதகர் வீட்டில் சோறு பரிமாறிய இடம்தான். பின்னாளில் கிருஷ்ண பால் தம் வீட்டுக்கு எதிரே தாமே ஒரு ஜெபவீடு கட்டினார். குடியிருப்பும் ஆலயமும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதை அவர் அந்தப் பந்தியில் கற்றிருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

*

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கக் கோயிலையும் நினைக்க வேண்டியிருக்கிறது. சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதற்கென்றே இரண்டு கிளையாகக் கட்டினார்கள். இரண்டு கிளையிலிருந்தும் பீடம் தெரியும். பக்கத்துக் கிளையில் இருப்பவர் தெரியமாட்டார். இடையில் நின்ற சுவரை 1910இல் இடித்தார்கள்.

எவரோடு உட்காரச் சம்மதம் என்று மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். கொத்தனார் அதைச் சுவராக எழுப்பித் தருகிறார்.

*

எங்கள் கூடத்தில் சுவர் ஏதும் இல்லை. சாமி படங்கள், ஊஞ்சல், வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கு. வேலைக்கு வந்த அம்மாவுக்குக் காப்பி பின்கட்டில், அவருக்கென்று வைத்திருந்த டம்ளரில். குடித்ததும் அதைக் கழுவி, துவைக்கிற கல்லோரம் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அந்தத் தரையைத் தினமும் இரண்டு வேளை துடைத்தவர் அவர்தான். இத்தனை ஆண்டுகளாக என் பாதத்தில் குளிர்வது அவர் துடைத்த ஈரம். அவர் அங்கே உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.